மேலே யாரும் படிக்காத மெயில்

எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு ஷிப்டு முடியும்போதும் இரண்டு அறிக்கைகள் போகும். ஒன்று ஆங்கிலத்தில், அலுவலகத்துக்கு. மற்றது தமிழில், அடுத்த ஷிப்டுக்கு. ஆங்கிலத்தில் எல்லாம் சரியாக இருக்கும். தமிழில் நடந்தது இருக்கும். பதினோரு வருடம் முதல் ஷிப்டில் இரண்டையும் கணினியில் தட்டியவள் நான்.

போன மாதம் சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது செல்வியைப் பார்த்தேன். இரண்டாம் ஷிப்டின் லைன் லீடர் அவள். இப்போது மெயில் தட்டும் வேலையே இல்லையாம். லைனுக்கு ஒரு கருவி வைத்திருக்கிறார்களாம். வாயால் சொன்னால் அதுவே எழுதி, அதுவே மொழிபெயர்த்து, எல்லோருக்கும் அனுப்பிவிடுமாம்.

"நீ அன்னிக்கு பஸ்ல உக்காந்துகினு பண்ணது இப்ப இருக்குற பொண்ணுங்களுக்குத் தெரியவே தெரியாதுக்கா. நம்ம தொழிற்சங்க மலருக்கு எழுதிக் குடேன்" என்றாள்.

மேடையில் பேசச் சொல்லியிருந்தால் வந்த பஸ்ஸில் ஏறி ஓடியிருப்பேன். எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

நான் பென்னலூர்க்காரி. பத்தாவது வரை படித்தேன். காஞ்சிபுரத்தில் தட்டச்சு கற்றேன். தமிழில் லோயர் பாஸ், ஆங்கிலத்தில் இரண்டு முறை ஃபெயில். ஒரகடம் பக்கம் காருக்கு வயர்க்கட்டு செய்யும் ஜப்பானியக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மிஷினில் சில வருடம், பரிசோதனை மேஜையில் சில வருடம். பிறகு தமிழில் தட்டத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் லைன் ஓரத்தில் ஒரு நாற்காலியும் கணினியும் கொடுத்தார்கள்.

அந்த நாற்காலியைக் கொடுத்தவர் எங்கள் சூப்பர்வைசர் தயாளன் சார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "இங்கிலீஷ்ல எழுதுறது நம்ம ஜப்பான்கார மேனேஜர் மோரி சாருக்கு. தமிழ்ல எழுதுறது நம்ம கைவெரலுக்கு. ரெண்டையும் கலக்காத."

ஆங்கில அறிக்கை எழுதுவது அல்ல, டிக் போடுவது. முப்பதுக்கு மேல் கட்டங்கள். கடைசிக் கட்டம், 'வழக்கத்துக்கு மாறாக எதுவும் இல்லை'. அதில் டிக் விழாமல் ஒரு நாளும் போனதில்லை. தமிழ் மெயிலை ஒன்றே முக்கால் மணிக்கு ஆரம்பிப்பேன். லைன் முழுக்க ஒருமுறை நடந்து, ஒவ்வொருத்தியும் காதருகே சொல்வதை வாங்கி வந்து தட்டுவேன். ஒரு நாள் மெயில் இப்படி இருக்கும்:

'ஏழாம் எண் மிஷினில் கவர் சுவிட்ச் வேலை செய்யவில்லை. தயாளன் சார் சொல்லி ஏழுமலை அதை வயரால் கட்டியிருக்கிறார். பழகிய கையைத் தவிர யாரையும் அதில் உட்கார வைக்க வேண்டாம். மூன்றாம் எண்ணில் எண்ணெய் கசிகிறது, தரை வழுக்கும். நாளை முதல் உங்கள் ஷிப்டுக்கு வரும் மல்லிகாவுக்கு மூன்றாம் மாதம், ஆபீஸில் இன்னும் சொல்லவில்லை, நிற்கும் வேலை தர வேண்டாம்.'

கவர் சுவிட்ச் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். வயரின் முனையில் சிறிய உலோக முனையை வைத்து அடிக்கும் மிஷின் அது. காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து ஓர் அடி விழும். முன்னால் கண்ணாடி போல ஒரு கவர். கவரைத் திறந்தால் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும்; பெடலை மிதித்தாலும் அடி விழாது. உள்ளே முனை சிக்கினால் கவரைத் திறந்து கைவிட்டு எடுக்கலாம். புதிதாக வரும் பெண்களுக்கு முதல் பாடமே, 'கவர் திறந்திருந்தால் பயமில்லை' என்பதுதான். சுவிட்ச் கெட்டால் மிஷினே ஓடாது. அதை ஓட வைக்க, கவர் எப்போதும் மூடியிருப்பதாக மிஷின் நம்பும்படி சுவிட்சை வயரால் கட்டிவிடுவார்கள். அப்புறம் அந்த முதல் பாடம் பொய்யாகிவிடும்.

கட்டியவனுக்கு அன்றே வேலை போகும் என்று நுழைவாயிலில் சிவப்புப் பலகை உண்டு. ஆனால் புது சுவிட்ச் கேட்டால் வர வாரக்கணக்காகும். மிஷின் நின்றால் லைன் நிற்கும். அதனால் பலகையைத் தாண்டி வந்து கட்டுவதும், கட்டியதை மறைக்காமல் தமிழில் எழுதிவைப்பதும் எங்கள் வழக்கம். எழுதிவைத்ததால் ஒரு விரலும் போனதில்லை. அந்த மெயில் பெட்டியை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஆபீஸில் தமிழ் தெரிந்தவர்கள் அதைத் திறந்ததில்லை; தமிழ் தெரியாதவர் திறந்து என்ன பயன்?

மோரி சார் எங்கள் ஆலை மேலாளர். ஒல்லியான மனிதர், நடந்து வருவது கேட்காது. மிஷின் அருகே நின்று உள்ளங்கையை அதன் முதுகில் வைப்பார், காய்ச்சல் பார்ப்பது போல. ஆங்கிலமும் கொஞ்சம்தான். கோபம் வந்தால் கத்த மாட்டார். நம் மேஜையில் கிடக்கும் பேனா, ஸ்கேல், காகிதம் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று நேராக அடுக்குவார். அடுக்கி முடிக்கும் வரை நாம் நிற்க வேண்டும். கத்துகிறவரிடம்கூட எனக்கு அவ்வளவு நடுக்கம் வந்ததில்லை.

ஒரு நாள் எங்களைக் கேண்டீனுக்கு வரச் சொன்னார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து கணினிப் பிரிவுப் பெண் ஒருவர் வந்திருந்தார். பெரிய திரையில் எங்கள் மெயில். ஒவ்வொரு மெயிலுக்கும் கீழே 'மொழிபெயர்' என்று புதிதாக ஒரு வரி. அதை அழுத்தினால் ஜப்பானிய மொழி தமிழாகும், தமிழ் ஜப்பானிய மொழியாகும் என்றார். மோரி சார் முன் வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஏழுமலை எப்போதோ அனுப்பிய ஒரு மெயிலைத் திறந்தார். ஏழுமலை மிஷின் பழுது பார்ப்பவர். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார். மொழிபெயர்ப்பு கன்னாபின்னா என்று வந்தது. மோரி சார் தலையைச் சாய்த்துப் பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

"உன் தமிழு ஜப்பான்காரனுக்கும் புரியல, பாரு" என்றாள் வசந்தா.

"அதான் எனக்கு சேப்டி" என்றார் ஏழுமலை.

"நல்ல தமிழ்ல யாராவது டைப் பண்ணது இருக்கா?" என்று கேட்டார் அந்தப் பெண். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எங்கள் ஷிப்டுப் பெட்டியைத் திறந்தார். என் மெயில்கள் வரிசையாகத் திரையில் ஓடின. ஒவ்வொன்றின் முதல் வரியும் வெளியே தெரிந்தது. 'ஏழாம் எண் மிஷினில்' என்று ஆரம்பிப்பது கண்ணில் பட்டது. அம்புக்குறி அதன் மேல் ஊர்ந்து, நின்று, ஒரு வரி கீழே இறங்கியது. குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற மெயில் திறந்தது. அழுத்தினார். மோரி சார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் படித்தார். தலையாட்டினார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

தேநீர் இடைவேளையில் ஏழுமலை என் மேஜைக்கு வந்தார்.

"இன்னாக்கா, என் பேர போட்டா எழுதிக்கிற?"

"நடந்தத எழுதினேன்."

"எத்தினி தபா?"

எண்ணியிருந்தேன். "ஒம்போது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு பொண்ணு படிச்சிக்கினு கீதுங்க. ஒம்போது தபா என் கழுத்துக்குக் கயிறு திரிச்சி வச்சிக்கிறியே. அழிச்சிடு."

அழிக்க முடியாது. பொதுப் பெட்டியில் வந்ததைத் தலைமை அலுவலகம்தான் அழிக்கும். அழிக்கக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். தயாளன் சாரிடம் போனோம். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "பழசத் தோண்ட மாட்டாரு. நீங்க பயந்து காட்டிக் குடுக்காதீங்க. இன்னைலேருந்து தமிழ் மெயில் கெடையாது. எல்லாம் வாயில சொல்லு" என்றார்.

வாயால் சொல்வது எனக்குத் தட்டுவது போல எளிதல்ல. ஒரு ஷிப்டு போவதற்கும் அடுத்தது வருவதற்கும் நடுவே பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் செல்வியைச் சுற்றி இருபது பேர். நான் ஓரமாக நிற்பேன். பாதி சொல்வேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு மீதி ஞாபகம் வரும். மோரி சார் என் மேஜையைக் கடக்கும்போதெல்லாம் இன்று படித்திருப்பாரோ என்று அவர் கையைப் பார்ப்பேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு அந்த மழை நாள். காலை பதினோரு மணிக்கு ஏழாம் எண்ணின் சுவிட்ச் மறுபடி போனது. ஏழுமலை கட்டமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். தயாளன் சார் தோளில் கைபோட்டுத் தனியே அழைத்துப் போனார். திரும்பி வந்து கட்டினார். என்னைப் பார்த்து, "எழுதாத" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரண்டாம் ஷிப்டில் பத்துப் புதுப் பெண்கள் முதல்முறையாக மிஷினில் உட்கார வேண்டும். ஆனால் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் பஸ் மழையில் சிக்கிக்கொண்டது. எங்கள் பஸ் கிளம்பும் நேரம் வந்துவிட்டது, செல்வியைக் காணோம்.

"சார், ஏழாம் நம்பர்..." என்று தயாளன் சாரிடம் போய் நின்றேன்.

"நான் சொல்லிக்கிறேம்மா. நீ கெளம்பு, பஸ் பூடும்."

ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கேட்டில் எங்கள் பஸ் வெளியே திரும்பும்போது அவர்கள் பஸ் உள்ளே வந்தது. செல்வி கையசைத்தாள். நானும் அசைத்தேன். அப்போதுதான் பார்த்தேன், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு தயாளன் சார் தன் வண்டியில் எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

யாரும் சொல்லவில்லை.

செல்விக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கேட்டிலேயே போன்களைப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கேட் செக்யூரிட்டி எண்ணில் யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். தாமதமாக வந்திருக்கிறார்கள், நேராக மிஷினில் உட்கார வைப்பார்கள், கவர் திறந்திருந்தால் பயமில்லை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லலாம். டிரைவர் திரும்பிப் பார்ப்பார், நாற்பது பேர் பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எழுதுகிற இந்த நேரத்திலும் அதை நினைத்து வெட்கப்படுகிறேன்.

அந்த நேரத்தில் அங்கே ஒரே ஒரு ஆள்தான் நிச்சயம் மெயிலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நமக்கு இரண்டரை மணி என்றால் ஜப்பானில் மாலை ஆறு. அன்றைய கடைசி மெயில்கள் அங்கிருந்து வரும் நேரம் என்பதால் மோரி சார் திரையை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.

போனில் கம்பெனி மெயிலைத் திறந்தேன். அவருக்கு நான் ஒரு நாளும் எழுதியதில்லை. அவர் பெயரைத் தேடிப் போடவே இரண்டு முறை தவறியது. ஒரகடம் சந்திப்பில் பஸ் நின்றபோது தட்டினேன்: 'ஏழாம் எண் மிஷினில் கவர் சுவிட்ச் கட்டப்பட்டிருக்கிறது. கவரைத் திறந்தாலும் மிஷின் அடிக்கும். புதுப் பெண்களை உட்கார வைக்க வேண்டாம். தயவுசெய்து உடனே நிறுத்துங்கள்.' யார் கட்டினார் என்று எழுதவில்லை. எழுதாததால் பயன் இல்லை என்பதும் தெரியும். ஒன்பது மெயில்கள் பெட்டியில் இருந்தன. அனுப்பினேன்.

பஸ் நகர்ந்தது. திரையை அணையவிடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தேன். நான்கு நிமிடம் கழித்து ஜப்பானிய எழுத்தில் ஒரு பதில் வந்தது. கீழே இருந்ததை அழுத்தினேன்.

'நான் நிறுத்தினேன். யாருக்கும் காயம் இல்லை. நீங்கள் வீட்டிற்குச் செல்லுங்கள்.'

மறுநாள் செல்வி சொல்லித்தான் மீதி தெரிந்தது. மோரி சார் ஓடி வந்தாராம். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. வந்து பார்த்தால் ஏழாம் எண்ணில் யாருமே இல்லை. அந்த மிஷினுக்கான வயர் அன்று இரண்டாம் ஷிப்டின் வேலைப் பட்டியலிலேயே இல்லை. காலி மிஷின். அவர் கவரைத் திறந்து, கட்டியிருந்த வயரைப் பார்த்து, அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டாராம்.

பத்து மணிக்குத் தயாளன் சாரையும் ஏழுமலையையும் என்னையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். கதவுக்கு வெளியே நின்றபோது ஏழுமலை மெதுவாகச் சொன்னார்: "காலி மிஷினுக்கு மெயில் போட்டு என் வயித்துல அடிச்சிட்டியேக்கா."

கதவு திறந்தது.

மேஜை மேல் ஒரு கட்டுக் காகிதம். என் மெயில்கள், ஜப்பானிய மொழியில். மோரி சார் அதன் ஓரங்களைத் தட்டித் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. எல்லாவற்றையும் படித்திருக்கிறார் என்று தெரிந்தது. தயாளன் சாரிடம் ஏதோ கேட்டார். தயாளன் சார் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். எனக்கு அங்கங்கே புரிந்தது: அந்தப் பெண் தானாக எழுதியது, தனக்கு எதுவும் தெரியாது. ஏழுமலை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மோரி சார் என்னிடம் கேட்டார். அவர் காத்திருந்தார். மறுபடி கேட்டார். நான் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எதிரே இருந்த இன்னொரு கணினியைக் காட்டி, விரல்களால் தட்டுவது போலச் செய்தார்.

உட்கார்ந்து என் மெயிலைத் திறந்தேன். மூன்றடி தூரத்தில் அவர் தட்டுவது கேட்டது. மெயில் வந்தது. அழுத்தினேன். 'சுவிட்சைக் கட்டும்படி உத்தரவிட்டவர் யார்?'

தயாளன் சார் என் பின்னால் குனிந்தார். "பாத்து எழுதும்மா. அவன் வேலையும் கீது, உன் வேலையும் கீது."

ஏழுமலை என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் மடக்கி மடக்கி விரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கைதான் கட்டியது, அதில் மாற்றமில்லை. என்ன எழுதினாலும் அது அவர் கைதான். நான் தட்டினேன்:

'தயாளன் சார் சொன்னார். ஏழுமலை கட்டினார். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் புது சுவிட்ச் கேட்டு ஏழுமலை சீட்டு எழுதினார், வர வாரக்கணக்கானது. எல்லாம் சரி என்று ஆங்கிலத்தில் டிக் போட்டவள் நான்.'

அனுப்பினேன். அவர் படித்தார். ஒருமுறை படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. பிறகு காகிதக் கட்டை இழுப்பறையில் வைத்து மூடினார். தட்டினார். 'கடைசி வரியை எழுதும்படி நான் கேட்கவில்லை' என்று வந்தது. வேறொன்றும் இல்லை. போகலாம் என்று கை காட்டினார்.

தயாளன் சாரை வேறு ஆலைக்கு மாற்றினார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம். ஏழுமலைக்குப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன். இன்னொரு முறை கட்டினால் வேலை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் ஒரு காலி மிஷினுக்காகத்தான் அவர் பதினைந்து நாள் வீட்டில் உட்கார்ந்தார். வேலைப் பட்டியல் நடுவில் மாறுவதும் உண்டு; அந்த ஷிப்டில் யாராவது உட்கார்ந்திருப்பார்களா, மாட்டார்களா என்று இத்தனை வருடம் நினைத்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

ஆங்கிலக் கட்டங்களை மோரி சார் எடுத்துவிட்டார். இனி தமிழ் மெயில் ஒன்றே போதும், அதையே நானும் படிப்பேன் என்று அறிவிப்பு வந்தது. நல்லதுதானே என்று படிப்பவர்கள் நினைக்கலாம். மறுநாள் ஒன்றே முக்கால் மணிக்கு லைனில் நடந்தேன். ஒருத்தியும் என் காதருகே குனியவில்லை. "ஒண்ணும் இல்லக்கா." "எல்லாம் நல்லா கீதுக்கா." வசந்தாகூட, "எழுதறதுக்கு இன்னா கீது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மல்லிகா விஷயம் போன்றவற்றை அவர் படித்தாரா என்று தெரியாது. அதைப் பற்றி யாரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. ஆனாலும் பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். என் மெயில் இரண்டு வரியானது. நிறைய எழுதிய காலத்தில் எனக்குப் பயம் இருந்தது. இரண்டு வரி எழுதிய அந்த மாதங்களில் இருந்தது வேறு பயம். சொல்லாமல் விட்டது எந்த மிஷினில் இருக்கிறது என்று பஸ் முழுக்க யோசித்துக்கொண்டே வருவேன்.

ஏழுமலை திரும்பி வந்தார். என் மேஜைப் பக்கம் வருவதில்லை. கேண்டீனில் நான் இருந்தால் வேறு மேஜை.

மூன்று மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் மதியம் ஒன்றரை மணி. லைன் நின்றிருந்தது. அனுப்ப வேண்டிய பெட்டிகள் பாதி நிரம்பிக் கிடந்தன. புது சூப்பர்வைசர் ஏழாம் எண் பக்கம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஏழுமலையிடம் ஏதோ சொன்னார். ஏழுமலை தலையை ஆட்டினார். ஒப்புக்கொண்டாரா, மறுத்தாரா என்று இங்கிருந்து தெரியவில்லை. இன்னொரு முறை என்றால் என்ன ஆகும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்களே. சூப்பர்வைசர் போனதும் ஏழுமலை 'ஓட்டக்கூடாது' என்ற சிவப்பு அட்டையை எடுத்து மிஷினில் மாட்டினார். நேராக என் மேஜைக்கு வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்தார்.

"எழுதிக்கோ" என்றார்.

"என்னன்னு?"

"ஏழாம் நம்பர் சுவிட்ச் பூட்ச்சி. கட்டச் சொன்னாங்க. கட்டல. மிஷின் நிக்குது."

லைனில் இருந்த பெண்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தட்ட ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன்.

"கட்டச் சொன்னது யாருன்னு போடட்டுமா?"

அவர் ஏழாம் எண் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அத்த வுடு" என்றார். "கட்டாதது யாருன்னு போடு."